அப்பா போடாத முடிச்சு

அனந்தலக்ஷ்மி ஒரே ஒரு வார்த்தைதான் தப்பாகச் சொன்னாள். கீழ்வீட்டு நிஸ்தாரிணி அம்மாளின் கையிலிருந்த மீன் நழுவிக் குழாயடியில் விழுந்தது.

விழுந்த மீனை அந்த அம்மாள் எடுக்கவில்லை. கல்கத்தாவில் பவானிபூருக்குக் குடிவந்த எட்டு மாதத்தில், ஒரு வங்காளி அம்மாள் மீனைத் தரையிலே விட்டுவிட்டு உள்ளே போனதை அனந்தலக்ஷ்மி பார்த்ததே இல்லை. கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. காலை எட்டு மணிக்கு யாராவது தாழ்ப்பாள் போடுவார்களா? தன் உச்சரிப்புதான் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மீன் விழுந்த இடத்தில் நாலு சொம்பு ஜலத்தைக் கொட்டிவிட்டு அவள் குடத்தோடு மாடி ஏறினாள்.

உச்சரிப்பு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வினையே.

வங்காளி பாஷையை அவள் யாரிடமும் படிக்கவில்லை. கணவன் சிவராமகிருஷ்ணன் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. காலை ஒன்பதரைக்கு டிராம் ஏறினால் திரும்பி வர விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். பகல் முழுவதும் அவளுக்கு வேலை, ஜன்னலும் முற்றத்துக் குழாயடியும்தான். அங்கே கேட்டதைக் கொண்டு அவளே ஒரு விதி கண்டுபிடித்தாள். நாம் பூஜை என்பதை அவர்கள் பூஜா என்கிறார்கள். மாலை அவர்களுக்கு மாலா. பாஷை பாஷா, யாத்திரை ஜாத்ரா. ஆகவே நம்முடைய வார்த்தையில் கடைசி ஐகாரத்தை ஆகாரமாக்கி, வாயைக் கொஞ்சம் உருட்டிச் சொன்னால் பாதி வங்காளி வந்துவிடும். கணவனிடம் சொன்னாள். அவனும் மெச்சினான். எட்டு மாதம் அந்த விதி அவளைக் கைவிடவில்லை.

அன்று காலை கும்பகோணத்திலிருந்து அப்பாவின் கடிதம் வந்திருந்தது. தனிக்குடித்தனத்தில் முதல் நவராத்திரி. பொம்மைக் கொலு வைக்க ஒரு பெட்டி நிறையப் பொம்மைகளை ரயிலில் போட்டாயிற்று, ஹவுராவிலிருந்து கைவண்டியில் வீட்டுக்கே வந்துவிடும், பத்திரம் என்று எழுதியிருந்தார். சந்தோஷம் தாங்காமல் அவள் குழாயடிக்கு ஓடினாள். பொம்மை என்பதற்கு வங்காளியில் என்ன என்று யோசித்தாள். விதியைப் போட்டாள். வாயை உருட்டினாள்.

"போமா."

அப்பா ஒரு பெட்டி நிறையப் போமா அனுப்பியிருக்கிறார் என்றாள். ஒன்பது நாள் வீட்டிலேயே வைத்திருக்கப் போகிறேன் என்றாள். தெருவில் எல்லோரும் கட்டாயம் வந்து பார்க்க வேண்டும் என்றும் அழைத்தாள்.

வங்காளியில் போமா என்றால் வெடிகுண்டு.

வருஷம் 1908. மாணிக்தலா தோட்டத்தில் போலீஸார் குண்டுகளைத் தோண்டி எடுத்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அந்த வார்த்தையை வங்காளிகளே வீட்டுக்குள் வாய்விட்டுச் சொல்வதை நிறுத்தியிருந்தார்கள். நிஸ்தாரிணி அம்மாளுக்குக் கல்யாணமானவர்கள் போக, காலேஜில் படிக்கிற இரண்டு பிள்ளைகள். கோர்ட்டில் வேலை பார்க்கிற ஒரு தம்பி. தாழ்ப்பாளைப் போட்டவள், பின்பக்க வழியாகத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானம்தான் திரும்பினாள்.

இதெல்லாம் மாடியில் இருந்தவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சின்னச் சின்ன மாறுதல்கள்தான்.

முதலில் குழந்தைகள். கீழ்வீட்டுப் பேத்திகள் இரண்டு பேரும் தினம் மாடிக்கு வந்து அவள் பின்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு தோசைத் துண்டை வாங்கிக்கொண்டு போவார்கள். அன்று படிக்கட்டில் இரண்டு படி ஏறியவர்களை யாரோ உள்ளேயிருந்து பெயர் சொல்லி அழைத்தார்கள். குரலில் அதட்டல் இல்லை. நடுக்கம் இருந்தது. குழந்தைகள் இறங்கிப் போய்விட்டார்கள்.

அப்புறம் குழாயடி. அவள் குடத்தோடு இறங்கினால் அங்கே இருப்பவர்கள் பாதிப் பாத்திரத்தைப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். மீன் ஆயும் இடத்தில் அவள் தண்ணீர் தெளித்ததற்குக் கோபமோ என்று முதலில் நினைத்தாள். கோபக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவர்கள் அவள் கையையே பார்த்தார்கள். குடத்தைக் கீழே வைத்த சத்தத்துக்கு ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டாம் நாள், எதிரே எண்ணெயில் பலகாரம் போடுகிற கடையண்டை குடையோடு ஒருவன் நின்றான். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றவன் ஒரு பலகாரம் வாங்கவில்லை. அவள் ஜன்னலண்டை வந்தால் குடை தாழ்ந்தது. நகர்ந்தால் நிமிர்ந்தது.

மூன்றாம் நாள் பாத்திரம் தேய்க்கிற க்ஷீரோதா வேலையை விட்டாள். கணக்குக் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. வாசற்படியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "பௌதி, டிக்டிகி," என்று கிசுகிசுத்தாள். ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினாள். போய்விட்டாள்.

பௌதி என்றால் மன்னி, டிக்டிகி என்றால் பல்லி. அந்த வார்த்தை அனந்தலக்ஷ்மிக்குத் தெரியும். பல்லிக்குப் பயந்து வேலையை விடுவார்களா? ஆனாலும் எந்தத் திக்கிலிருந்து பலன் சொல்கிறதோ என்று ஜன்னல் கதவு இரண்டையும் தட்டிப் பார்த்தாள், படத்துக்குப் பின்னால் பார்த்தாள், உத்தரத்தைப் பார்த்தாள். பல்லி இல்லை. ஜன்னலுக்கு வெளியே குடைதான் இருந்தது.

அன்று மாலை சிவராமகிருஷ்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரித்தான். இந்த ஊரில் தலைப்பாகை கட்டி, காதில் கடுக்கனோடு டிராம் ஏறுகிறவனைப் பார்த்தால் எவனும் நாலு நாள் நின்று பார்ப்பான் என்றான். மறுநாள் மாலை அவன் சிரிக்கவில்லை. குடைக்காரன் காலையில் அதே டிராமில் ஏறினானாம். அதே இடத்தில் இறங்கினானாம். ஆபீஸ் வாசல் வரை வந்தானாம். இதைச் சொல்லும்போது அவிழ்த்த தலைப்பாகையை மடித்துக்கொண்டே இருந்தான். மடித்ததை உதறி மறுபடியும் மடித்தான்.

"நீ யார்கிட்டயாவது ஏதாவது சொன்னியா?" என்று கேட்டான்.

"என்ன சொல்லப் போறேன்? கொலுவுக்கு அழைச்சேன், அவ்வளவுதான்."

கொலுவுக்கு அழைத்ததில் என்ன தப்பு இருக்க முடியும்? அவனும் விட்டுவிட்டான். என்ன வார்த்தை சொல்லி அழைத்தாய் என்று கேட்டிருந்தால், பின்னால் வந்தது எதுவும் வந்திருக்காது.

ஐந்தாம் நாள் பகல் பதினோரு மணிக்குப் பெட்டி வந்தது.

கைவண்டிக்காரர்கள் இரண்டு பேர் அதை முற்றத்தின் நடுவில் இறக்கிவிட்டு, மாடிக்கு ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பலாமரப் பெட்டி, இடுப்பளவு உயரம். மேலே இங்கிலீஷில் அப்பா எழுதிய விலாசம். அவர் கையெழுத்தேதான். அனந்தலக்ஷ்மி குனிந்து கயிற்றைத் தொட்டாள். தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டாள்.

அவள் அப்பா பத்திர ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் கட்டுக் கட்டியவர். அவர் கட்டினால் கயிறு குறுக்கும் நெடுக்குமாக ஒரே ஒரு சிலுவை. நடுவில் ஒரு முடிச்சு. முடிச்சின் மேல் சிவப்பு அரக்கு. ஊறுகாய் ஜாடியைக்கூட அவர் அப்படித்தான் கட்டுவார். இந்தப் பெட்டியில் மூலையில் ஒரு சொட்டு அரக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, உடைந்து போய். கயிறு மூன்று புரியாக முறுக்கிப் பக்கவாட்டில் போயிருந்தது. முடிச்சு ஓரத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்தாறு. மூடியில் ஒரு ஆணி அரை விரற்கடை எழும்பி நின்றது.

அப்பா கட்டி அனுப்பிய பெட்டியை யாரோ திறந்திருக்கிறார்கள். மூடியிருக்கிறார்கள்.

அவள் சுற்றிப் பார்த்தாள். கீழ்வீட்டுக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. கதவு இடுக்கில் ஒரு புடவைக் கரை தெரிந்தது, மறைந்தது. கொஞ்ச நேரத்தில் பின்வாசல் வழியாகக் காலடிச் சத்தம். குழந்தைகளை இழுத்துக்கொண்டு போகிற சத்தம். அவ்வளவு பெரிய வீட்டில் அவளும் பெட்டியும் மட்டும் மிஞ்சினார்கள்.

ஆபீஸிலிருந்து அவர் வரட்டும், அப்புறம் திறக்கலாம் என்று மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பெட்டியிலிருந்து பார்வையை எடுக்க முடியவில்லை.

அவர் வரவில்லை. ஒரு மணிக்கு மஹாதேவன் வந்தான்.

மஹாதேவன் சிவராமகிருஷ்ணனோடு அதே ஆபீஸில் வேலை செய்கிறவன். கல்கத்தாவிலேயே வளர்ந்தவன். வங்காளி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஊராக இருந்தால் அனந்தலக்ஷ்மி கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசியிருப்பாள். இங்கே பேச வேறு யாரும் இல்லாததால் அந்த வழக்கம் எப்போதோ போய்விட்டது. ஓடி வந்தவன் முற்றத்தில் பெட்டியைக் கண்டதும் சுவரோரமாக ஒதுங்கி நின்றான்.

"மன்னி, இது எப்போ வந்தது?"

"பதினோரு மணிக்கு. அவர் எங்கே?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "கீழாத்து மாமிகிட்டப் பொம்மையை என்னன்னு சொன்னேள்?"

"போமான்னு."

மஹாதேவன் கண்ணை மூடிக்கொண்டான். "புதுல்னு சொல்லணும், மன்னி. புதுல்."

"அப்போ போமான்னா?"

அவன் சொன்னான்.

மீன் விழுந்தது, தாழ்ப்பாள், குழந்தைகள், குடம் வைத்த சத்தத்துக்குக் காதைப் பொத்திய பெண், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் முன்னால் வந்து நின்றன. டிக்டிகியைப் பற்றி வாய் குழறிக் கேட்டாள். அதுவும் பல்லி இல்லை, மறைந்து நின்று பார்க்கிற போலீஸ்காரனுக்கு இங்கே அதுதான் பெயர் என்றான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லி முடித்தான். பதினொன்றரைக்கு ஆபீஸுக்கு ஒரு தாரோகா வந்தார். போலீஸ் அதிகாரி. பெரிய துரையின் அறையில் ஐந்து நிமிஷம் பேசினார். வெளியே வந்து சிவராமகிருஷ்ணனின் மேஜை இழுப்பறையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, அவனைப் போலீஸ் தாணாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பெட்டியில் இருப்பது பொம்மைதான் என்று நிரூபணம் ஆனால் விடுவார்கள். ஆகாவிட்டால் வேலை போவது ஒரு பக்கம், இந்த மாதிரிக் கேஸில் உள்ளே போனவர்கள் மாதக்கணக்கில் விசாரணைக்கே காத்திருக்கிறார்கள்.

"அவா இங்கே வந்துண்டே இருக்கா. நான் ஓடி வந்து முந்திண்டேன்," என்றான்.

சொல்லி வாய் மூடுவதற்குள் தெருவில் வண்டி வந்து நின்றது.

முதலில் உள்ளே வந்தது ஒரு மரத்தொட்டி. நாலு கான்ஸ்டேபிள்கள் அதைத் தூக்கி வந்து குழாயடியில் வைத்துத் தண்ணீர் பிடித்தார்கள். பின்னால் தாரோகா. கட்டையான மனிதர், நரைத்த மீசை. பெட்டியிலிருந்து பத்தடி தள்ளியே நின்றார். குரலை உயர்த்தாமல் மஹாதேவனிடம் பேசினார். மஹாதேவன் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான். பெட்டியை அப்படியே தொட்டித் தண்ணீரில் அமுக்கப் போகிறார்கள். நாளை காலை வரை ஊற வேண்டும். அப்புறம்தான் திறப்பார்கள். மருந்து நனைந்துவிட்டால் வெடிக்காது.

"மண் பொம்மை," என்றாள் அனந்தலக்ஷ்மி. "காகிதக் கூழும் மண்ணும். நாளைக்குக் காலம்பர சேறுதானே இருக்கும்?"

மஹாதேவன் அதைச் சொன்னான். சேறாக இருந்தால் சேறு என்று எழுதிக்கொள்வோம் என்றார் தாரோகா.

சேற்றைக் காட்டிப் பொம்மை என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? அவள் புருஷன் தாணாவில் உட்கார்ந்திருக்கிறான். அவனை வெளியே கொண்டுவரக்கூடிய சாட்சி இந்த உலகத்தில் அந்தப் பெட்டி ஒன்றுதான். அதைக் கரைக்கத் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருக்கிறது.

தாரோகா இன்னும் ஏதோ சொன்னார். ஒரு காகிதத்தைத் தட்டிக் காட்டினார். மஹாதேவன் அதை மட்டும் தமிழில் சொல்லவில்லை. தரையைப் பார்த்தான். ஆனால் அவள் காதில் சில வார்த்தைகள் விழுந்துவிட்டன. ஸ்வாமி. ஸ்த்ரீ. பாபா. பாக்ஷோ. புருஷன், பெண்டாட்டி, அப்பா, பெட்டி. இவைகளுக்கு எந்த விதியும் வேண்டியிருக்கவில்லை.

"அவர் என்ன எழுதிக் கொடுத்திருக்கார்?" என்று கேட்டாள்.

"விடுங்கோ, மன்னி."

"சொல்லுங்கோ."

"பெட்டி தன்னோடது இல்லே, ஆம்படையாளோட அப்பா அனுப்பினது, உள்ளே என்ன இருக்குன்னே தனக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கான். பயம், மன்னி. அங்கே போய் நின்னா எவனும் எழுதுவான்."

அப்படியானால் சேறு என்று எழுதிய காகிதம் கும்பகோணத்துக்கும் போகும். பத்திர ஆபீஸ் வாசலிலும் ஒரு தொப்பிக்காரன் போய் நிற்பான்.

"நான் திறக்கறேன்னு சொல்லுங்கோ," என்றாள். "இப்போவே. எல்லார் எதிரேயும்."

மஹாதேவன் தாரோகாவிடம் போகவில்லை. பெட்டியைச் சுற்றி எட்ட நின்றே ஒரு வட்டம் வந்தான். உடைந்த அரக்கைப் பார்த்தான். எழும்பிய ஆணியைப் பார்த்தான். திரும்பி அவளிடம் வந்து மெதுவாகக் கேட்டான்.

"மன்னி, சத்தியமாச் சொல்லுங்கோ. இது உங்கப்பா போட்ட முடிச்சுதானா? வழியிலே யாராவது எதையாவது உள்ளே வெச்சு அனுப்பறதுண்டு. இந்த மாதிரி நல்லவா பெட்டியிலேதான் வெப்பா. அப்பா முடிச்சு இல்லேன்னா திறக்க வேண்டாம். தண்ணியிலேயே போடட்டும்."

அவள் அந்தக் கயிற்றைப் பார்த்தாள். அப்பா முடிச்சு இல்லை. யார் முடிச்சு என்றும் தெரியவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"அப்பா முடிச்சுதான்," என்றாள்.

தாரோகா யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. திறக்கிறேன் என்கிறவள் ஒன்று நிரபராதி, இல்லாவிட்டால் கேஸ் இங்கேயே முடிந்துவிடும். இரண்டிலும் அவருக்கு நஷ்டமில்லை. ஆட்களை வெளியே போகச் சொன்னார். தானும் போனார். மஹாதேவன் கடைசியாகப் போனான். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தான், ஆனால் போய்விட்டான். வாசல் கதவு ஒரு சாண் இடைவெளி விட்டுச் சாத்தப்பட்டது. அந்த இடைவெளியில் ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிந்தன.

அனந்தலக்ஷ்மி மாடிக்குப் போய் அரிவாள்மணையை எடுத்து வந்தாள். பெட்டியண்டை மண்டியிட்டாள். கயிற்றை அறுக்க ஆரம்பித்தாள். புரி ஒன்று அறுந்தது. இரண்டாவது அறுந்தது. மூன்றாவது 'டப்' என்று தெறித்தபோது தெருவில் யாரோ தடதடவென்று ஓடினார்கள்.

ஒன்றும் ஆகவில்லை.

மூடியின் அடியில் அரிவாள்மணையின் கட்டையைக் கொடுத்து நெம்பினாள். ஆணிகள் கிறீச்சிட்டன. உள்ளே வைக்கோல். வைக்கோலின் மேல் ஒரு வாசனை. மண் வாசனை இல்லை, சாய வாசனை இல்லை. ஏதோ புளித்தது, காரமாக மூக்கில் ஏறுவது. அவள் ரசாயனம் எதையும் மோந்து பார்த்தவள் இல்லை. வெடி மருந்துக்கு இப்படித்தான் வாசனை இருக்குமோ?

கையை வைக்கோலுக்குள் விட்டாள். விரலில் ஒரு மூக்கு தட்டுப்பட்டது. பொம்மையின் மூக்கு. அழுகை வந்துவிடும் போலிருந்தது. இன்னும் கொஞ்சம் ஆழமாக விட்டாள்.

பக்கத்தில் வேறொன்று இருந்தது. உருண்டை. தேங்காய் அளவு. துணியில் இறுகச் சுற்றியது. அழுத்தினால் அமுங்காத கனம்.

அப்பாவின் கடிதத்தில் இருந்த பொம்மைகளின் பட்டியல் அவளுக்கு மனப்பாடம். அதில் உருண்டையாக எதுவும் இல்லை.

விட்டுவிட்டு ஓடலாம். கதவு பதினைந்தடி. ஓடினால் உடனே பெட்டி தண்ணீருக்குள் போய்விடும். அவள் ஓடவில்லை. அதை இரண்டு கையாலும் ஏந்தி, குழந்தையைத் தூக்குவது போல மெல்ல மெல்லத் தூக்கினாள். துணி ஒரு பக்கம் விலகியது. உள்ளே கன்னங்கரேல் என்று பளபளத்தது. நார் போல ஒரு திரி வெளியே தொங்கியது.

கதவிடுக்கில் இருந்த மீசை மறைந்தது. "ஜலே ஃபேலோ," என்று குரல் மட்டும் வந்தது. தண்ணீரில் போடு என்கிறார். இந்த வங்காளி அவளுக்குப் புரிந்தது. தொட்டி மூன்றடி தூரத்தில் இருந்தது. அவள் கை தானாக அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

திரும்பிய வேகத்தில் உருண்டை மூக்குக்குக் கிட்டே வந்தது. அவள் வாயில் எச்சில் ஊறியது.

பயத்தில் வாய் உலருமே தவிர ஊறாது. இன்னொரு தரம் மோந்து பார்த்தாள். உப்பு. பழம் புளி. கொட்டை எடுத்து, கல்லுப்பு வைத்து இடித்து, உருட்டி வெயிலில் வைத்த புளி. அவள் அம்மா மாசி மாதம் பூராவும் வேறு வேலை பார்க்க மாட்டாள்.

கல்கத்தாவுக்கு வந்து ஒரு மாதத்தில், இந்த ஊர்ப் புளியில் ரசம் சரியாக வருவதில்லை என்று அவள் எழுதியிருந்தாள். சுவாமி பொம்மையோடு சமையல் சாமான் வைக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருப்பார். அம்மா வாதாடியிருக்க மாட்டாள். அவர் அரக்கு வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து புளியைத் திணித்துவிட்டு, தனக்குத் தெரிந்த மாதிரி மூடியிருக்கிறாள். கயிறு கட்டிப் பழக்கமில்லாதவள் வேறு எப்படி மூடுவாள்? தலை பின்னுகிற மாதிரி மூன்று காலாகப் பின்னி ஓரத்தில் முடிந்திருக்கிறாள். அறுந்து கிடந்த துண்டுகளை அனந்தலக்ஷ்மி பார்த்தாள். வலது கால் மேலே, இடது கால் கீழே. பதினாறு வருஷம் தன் தலையிலேயே கிடந்த பின்னல்.

உருண்டையிலிருந்து ஒரு பிடி பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். முகம் சுளித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அது புளிப்பினால்தான் என்று சொல்ல முடியாது.

மீசை மறுபடியும் இடுக்கில் தெரிந்தது. தாரோகா உள்ளே வந்தார். உடனே நம்பிவிடவில்லை. பெட்டியில் அந்த மாதிரி இன்னும் இரண்டு உருண்டை இருந்தது. இரண்டிலும் அவளைத் தின்னச் சொன்னார். தின்றாள். மஹாதேவனையும் தின்னச் சொன்னார். அவனும் தின்றான். அப்புறம் வைக்கோலைத் தடியால் கிளறி ஒவ்வொரு பொம்மையாக வெளியே எடுத்து வைத்தார்கள். செட்டியாரும் மனைவியும், கடை சாமான்களோடு. தசாவதாரத்தில் ஒன்பது முழுசு, வாமனருக்குக் குடை உடைந்துவிட்டது. கல்யாண செட்டு. நாதஸ்வரக்காரர். கான்ஸ்டேபிள்களில் ஒருவன் நாதஸ்வரக்காரரை எடுத்துக் குழலுக்குள் எட்டிப் பார்த்தான்.

இதற்கு ஏன் போமா என்று சொன்னாய் என்று தாரோகா கேட்டார். அவள் விதியைச் சொன்னாள். பூஜை, பூஜா. மாலை, மாலா. மஹாதேவன் அதை வங்காளியில் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கான்ஸ்டேபிள் சிரித்துவிட்டான். தாரோகா சிரிக்கவில்லை. இந்த ஊரில் இப்போது ஒரு எழுத்துத் தவறினாலும் ஆள் போய்விடும், பெண்ணே, இனிமேல் தெரியாத வார்த்தையைக் கேட்டுக்கொண்டு சொல் என்றார். சாட்சிக்கு என்று ஒரு உருண்டைப் புளியை எடுத்துக்கொண்டு போனார்.

சிவராமகிருஷ்ணன் விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தான். தலைப்பாகை இல்லை. அதைத் தாணாவில் எங்கே வைத்தான் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. மாடி அறையில் சுவரோரமாகப் பொம்மைகள் நின்றிருந்தன. அவன் அவைகளைப் பார்க்காமல் உட்கார்ந்தான். தட்டில் போட்டதை அளைந்துகொண்டிருந்தான்.

"மஹாதேவன் சொன்னான்," என்றான் கடைசியில். "நீ தனியாத் திறந்தியாமே."

"ஆமா."

"தாணாவிலே பொம்மைன்னுதான் சொன்னேன். மூணு தரம் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவா முகம் மாறிண்டே போச்சு. அப்புறம் என் பெட்டி இல்லேன்னுட்டேன். பயத்திலே சொல்லிட்டேன், அனந்தம்."

"எனக்கும் பயமாத்தான் இருந்தது," என்றாள். "அது அப்பா முடிச்சு இல்லேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அறுத்தேன்."

அவன் கை தட்டில் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அங்கே அது இல்லை. அடுத்த தடவை ஒரு கதவு தட்டினால் இந்த மனுஷன் என்ன சொல்வான் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அவனும் அதைப் புரிந்துகொண்டான்.

இரண்டு நாள் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அமாவாசை வந்தது. தர்ப்பணம் முடித்து அவன் சாப்பிட்டுக் கை கழுவியதும், அவள் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"நாளைக்குக் கொலு. கீழாத்துக்காராளை நீங்கதான் போய் அழைக்கணும்."

"பொம்மனாட்டிகள்தானே போய் அழைப்பா?"

"நான்தான் ஒரு தரம் அழைச்சாச்சே," என்றாள். "இப்போ நீங்க போங்கோ. பெட்டி யாரோடதுன்னு அவாளுக்குத் தெரியணும்."

அவன் சிமிழை எடுத்துக்கொண்டு இறங்கினான். பாதிப் படியில் நின்றான். உதடு அசைவது மேலேயிருந்து தெரிந்தது. வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறான். முற்றத்தில் நிஸ்தாரிணி அம்மாளும் மருமகள்களும் இருந்தார்கள். வாசலில் அவருடைய தம்பி, கோர்ட்டிலிருந்து வந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார். அவரைக் கண்டதும் சிவராமகிருஷ்ணனின் கால் ஒரு படி பின்வாங்கியது.

அனந்தலக்ஷ்மி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமார் பாக்ஷோ," என்றான் அவன். என்னுடைய பெட்டி. இன்னொரு தரம், கொஞ்சம் உரக்க, கோட்டுக்காரரைப் பார்த்தே சொன்னான். அதற்கப்புறம்தான் புதுல் என்றான்.